எக்சர்சைஸ் பிசியாலஜி: அரியர் வைத்துத் தேறிய ஒருத்தியின் பதில்

கேள்வி: "வியாசர்பாடியைச் சேர்ந்தவன். கால்பந்து ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. வரும் செமஸ்டரில் எக்சர்சைஸ் பிசியாலஜி இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு அரியர் விழும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு கடினமா? டியூஷன் போக வேண்டுமா? தடிமனான ஆங்கிலப் புத்தகத்தை வாங்கித்தான் ஆக வேண்டுமா?"

தம்பி, பயிற்சியின்போது உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்கும் இந்தத் தாள் கடினமானதுதான். சீனியர்கள் பொய் சொல்லவில்லை, காரணத்தைத்தான் தவறாகச் சொல்கிறார்கள். "மனப்பாடம் செய்ய நிறைய இருக்கிறது" என்பார்கள். மனப்பாடம் செய்தவர்கள்தான் இதில் அதிகம் விழுவதைப் பார்த்திருக்கிறேன். விழுந்தவர்களில் நானும் ஒருத்தி. முதல் முறை கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதினேன், விரல் வீங்கியது, வந்தது 31 மதிப்பெண். அடுத்த முறை அதில் பாதிதான் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன். இப்போது பத்து ஆண்டுகளாகத் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மாலை வேளைகளில், இதே தாளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் விழுந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். கேள்வி இதுதான்: ஆறு மாதம் தொடர்ந்து ஓட்டப் பயிற்சி எடுத்தவருக்கு, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது கார்டியாக் அவுட்புட், அதாவது இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் இரத்தத்தின் அளவு, எப்படி மாறும்? இதயம் பெரிதாகும், பலமாகும், அதிக இரத்தத்தைத் தள்ளும், ஆகவே பல மடங்கு கூடும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். படம் கூட வரைந்தேன். சரியான விடை: ஏறத்தாழ மாறாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சி இல்லாதவரின் இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடிக்கிறது, ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் தள்ளுகிறது. பெருக்கினால் 4,900, அதாவது ஏறக்குறைய 5 லிட்டர். பயிற்சி பெற்றவருக்கு ஒரு துடிப்பில் 100 மில்லிலிட்டர் போகிறது, ஆகவே 50 துடிப்பே போதும். அதுவும் 5 லிட்டர்தான். உட்கார்ந்திருக்கும் உடம்புக்குத் தேவை அவ்வளவே. அந்தத் தேவை பயிற்சியால் கூடவில்லை. வேறுபாடு தெரிவது முழு மூச்சாக ஓடும்போது. முதலாமவர் 20 லிட்டருக்கு அருகில் நின்றுவிடுவார், நன்றாகப் பழகியவர் 30 லிட்டரையும் தொடுவார். இந்தத் தாளில் வரும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த வகைதான். கூடுமா, குறையுமா, மாறாதா? ஓய்விலா, நடுத்தர வேகத்திலா, உச்சத்திலா? இதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதினால் பத்துப் பக்கமும் வீண்.

சரி, அந்த 5 லிட்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு அத்தியாயங்களை அதுவே திறக்கும். தமனி இரத்தம் ஒரு லிட்டருக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமந்து போகிறது. ஓய்வில் திரும்பி வரும் சிரை இரத்தத்தில் 150 மிச்சம் இருக்கிறது. இறக்கிக் கொடுத்தது 50. ஐந்து லிட்டருக்கு 250 மில்லிலிட்டர். இது ஒரு நிமிடச் செலவு. இதை 70 கிலோ எடையால் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 3.5 என்று வருகிறது. ஓய்வில் உடம்பு செலவழிக்கும் இந்த அளவுக்குத்தான் மெட் என்று பெயர். பாடத்தில் எங்கிருந்தோ குதித்தது போல வரும் "1 மெட் என்பது 3.5" இந்தக் கணக்குத்தான். அடுத்து, உச்ச வேகத்தில் தசைகள் ஆக்சிஜனை உறிஞ்சி எடுப்பதால் இறக்கிக் கொடுப்பது லிட்டருக்கு 150 வரை போகும். 20 லிட்டர் ஓடினால் 3,000 மில்லிலிட்டர். நீங்கள் 60 கிலோ என்றால் உங்கள் விஓ2 மேக்ஸ், அதாவது ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் உடம்பு பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன், 50 மில்லிலிட்டர். அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானியர் 1870-இல் சொன்ன சமன்பாடு இவ்வளவுதான். நான் படித்தபோது இதயம் ஒரு யூனிட், இரத்தம் ஒரு யூனிட், விஓ2 மேக்ஸ் இன்னொரு யூனிட். மூன்றும் ஒரே பெருக்கல் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்தது எல்லோரையும் குழப்பும் ஆற்றல் மண்டலங்கள். தசையில் தயாராக இருக்கும் கையிருப்பான ஏடிபி-பிசி, ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைக்கும் கிளைக்கோலிசிஸ், ஆக்சிஜனோடு எரிக்கும் ஏரோபிக் என்று மூன்று. முதல் 10 விநாடி முதலாவது, அங்கிருந்து இரண்டு நிமிடம் வரை இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று மூன்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். ஒரு பஸ் நின்றதும் அடுத்த பஸ் கிளம்புவது போல. அங்கேதான் தவறு. நம் தெருவில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் ஒரு குடம், கொல்லையில் ஒரு டிரம், தெருமுனைக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரி. இதே வரிசையில் அந்த மூன்று மண்டலங்கள். குடத்தில் இருப்பது கொஞ்சம், ஆனால் கை நீட்டினால் கிடைக்கும். டிரம்மில் அதைவிடக் கூடுதல், மொண்டு வர வேண்டும். லாரியில் வேண்டிய மட்டும் இருக்கிறது, வந்து சேரத்தான் நேரம் ஆகும். நீங்கள் குடத்தில் கை வைத்த அந்த நொடியே லாரியும் கிளம்பிவிடுகிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாகத்தான் தொடங்குகின்றன. எதன் பங்கு எப்போது பெரிது என்பதே கேள்வி. நான் கல்லூரியில் 800 மீட்டர் ஓடியவள். அந்த ஓட்டத்தில் டிரம்மும் லாரியும் போட்டி போடுவதைக் கடைசி 200 மீட்டரில் என் தொடை எனக்குச் சொல்லிக் கொடுத்தது. உங்கள் கால்பந்து இதற்கு இன்னும் நல்ல உதாரணம். உயர்மட்ட ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார், அது லாரித் தண்ணீர். பந்தைப் பறிக்கப் பாயும் மூன்று விநாடி குடத்துத் தண்ணீர். ஆட்டம் சற்று ஓயும் இடைவெளியில் லாரிதான் குடத்தை மீண்டும் நிரப்புகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தேர்வில் எழுதிய பிள்ளைக்குத் தேர்வாளர் அருகில் "நன்று" என்று எழுதியிருந்தார்.

வேகமாக ஓடும்போது அந்த டிரம் வழியில் உண்டாகும் லாக்டிக் அமிலத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. கல்லூரி எதிரே ஜெராக்ஸ் கடையில் விற்கும் நோட்ஸ் எல்லாவற்றிலும் "லாக்டிக் அமிலம் ஒரு கழிவு, மறுநாள் தசைவலிக்கு அதுவே காரணம்" என்று இருக்கும். இரண்டும் தவறு. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் லாக்டேட் (அந்த அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறத்தாழப் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. வலி உச்சத்துக்கு வருவதோ ஒன்று முதல் மூன்று நாள் கழித்து. ஊரை விட்டுப் போனவன் மேல் மறுநாள் நடந்த திருட்டுக்கு வழக்குப் போட முடியுமா? லாக்டேட்டை இதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. ஜார்ஜ் புரூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களிலிருந்து இதைச் சொல்லி வருகிறார்.

ஒரு முறை நம்பாத நான்கு பையன்களை அருகில் உள்ள ஹவுசிங் போர்டு குடியிருப்புக்கு அழைத்துப் போனேன். மெதுவாக, நின்று நின்று மூன்று மாடி ஏறச் சொன்னேன். இறங்கும்போது மட்டும் நிற்காமல் இறங்க வேண்டும். இருபது முறை. ஒருவனுக்கும் மூச்சு வாங்கவில்லை, வியர்வை மட்டும்தான். "இவ்வளவுதானா அக்கா?" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். இரண்டாம் நாள் ஒருவனாலும் தரையில் சம்மணம் போட முடியவில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அதில் உண்டாகும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியுமே வலிக்குக் காரணம். அந்த நான்கு பேரும் இதை இனி ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். அவர்களுடைய அம்மாக்கள் என்னைத் திட்டியதையும் நான் மறக்க மாட்டேன். தேர்வில் எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். "முன்பு இவ்வாறு கருதப்பட்டது, இப்போது இவ்வாறு" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். பழைய விடைக்குறிப்போடு திருத்துபவரும் மதிப்பெண்ணை வெட்ட முடியாது.

பிராக்டிகலில் நடப்பது தனிக் கூத்து. நான் படித்த இடத்தில், பலகையில் ஏறி இறங்கி நாடியை எண்ணி விஓ2 மேக்ஸைக் கணிக்கும் குயின்ஸ் காலேஜ் ஸ்டெப் டெஸ்ட் செய்தோம். அதற்குப் பலகை 41.3 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். ஆண்கள் நிமிடத்துக்கு 24 முறை, பெண்கள் 22 முறை, மொத்தம் மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். எங்கள் பலகையில் ஏறியவர்களின் நாடி எல்லாம் தாறுமாறாக ஏறியது. மாவட்ட அளவில் ஓடிய பெண்கள் கூட நோயாளிகள் போல எண் காட்டினார்கள். ஆசிரியர் எங்கள் சாப்பாட்டைக் குறை சொன்னார். செமஸ்டர் முடியும் நேரத்தில் ஒருத்தி டேப் எடுத்து அளந்தாள்: 50.8 சென்டிமீட்டர். அது ஹார்வர்ட் ஸ்டெப் டெஸ்டுக்கான 20 அங்குலப் பலகை! ரெக்கார்டு நோட்டு முழுவதும் அந்த எண்களோடுதான் கையெழுத்தானது.

ஆகவே முதலில் பலகையை அளங்கள். பிறகு தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம். ஏறுவது இரண்டு காலடி, இறங்குவது இரண்டு, ஆக ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. ஆண்களுக்கு 96, பெண்களுக்கு 88 என்று வைக்க வேண்டும். 24 என்று வைத்துவிட்டு, "ஏன் இவ்வளவு மெதுவாக அடிக்கிறது?" என்று விழித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முடித்ததும் நின்றபடியே, ஐந்தாவது விநாடியிலிருந்து இருபதாவது விநாடி வரை நாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். விஓ2 மேக்ஸுக்கு ஆண்களுக்கான சூத்திரம்: 111.33-லிருந்து நாடியின் 0.42 மடங்கைக் கழிக்க வேண்டும். 37 எண்ணினால் 148, விடை 49.17. ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டு 36 என்று எண்ணினால் 144, விடை 50.85. ஒரு துடிப்பின் விலை 1.68. வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் "இந்தச் சோதனையின் குறை என்ன?" என்று கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி வராது. இன்னொன்று, கழுத்தில் நாடி பிடிக்கும்போது அழுத்தாதீர்கள். அழுத்தினால் அங்குள்ள உணர்விகள் ஏமாந்து இதயத்தின் வேகத்தையே குறைத்துவிடும்.

கணக்கில் இன்னொரு பழைய கேள்வி, பயிற்சியில் எட்ட வேண்டிய நாடியைக் கணக்கிடும் கார்வோனென் முறை. வயது 20, ஓய்வு நாடி 60, 70 விழுக்காட்டுத் தீவிரம் என்பார்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் 200, அது உச்ச நாடி. அதிலிருந்து ஓய்வு நாடியைக் கழித்தால் 140, அதில் 70 விழுக்காடு 98, மீண்டும் 60-ஐக் கூட்டினால் 158. கடைசியில் கூட்ட மறப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. 98 துடிப்பில் ஓடச் சொன்னால் நடந்துதான் போக வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே தவறு தெரிந்துவிடும். 220 என்பதும் வேதவாக்கு அல்ல. 2001-இல் தனாக்கா என்ற ஆய்வாளரின் குழுவினர் 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். 20 வயதுக்கு அது 194.

இனி மொழி. தமிழ் வழியில் படித்தது குறை என்று நினைக்காதீர்கள், ஆனால் சும்மா இருந்தால் அது குறையாகத்தான் முடியும். என்னிடம் படித்த ஒரு பையனின் அப்பா காசிமேட்டில் மீன்பாடி வண்டி மிதிப்பவர். மற்றவர்கள் மோட்டார் பொருத்திவிட்டார்கள், அவர் இன்னும் மிதிக்கிறார். வைவாவில் ஆக்சிஜன் டெஃபிசிட் (ஆக்சிஜன் பற்றாக்குறை) என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டதும் பையன் சிலையாக நின்றுவிட்டான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நல்லவர், "தமிழில் சொல்" என்றார். "ஐஸ் பெட்டியோடு வண்டியைக் கிளப்பும்போது அப்பாவுக்கு ஆக்சிஜன் போதாது சார். உடம்பு கடன் வாங்கித்தான் மிதிக்கிறது. வண்டி ஓட்டம் பிடித்ததும் வரவும் செலவும் சரியாகிவிடும். இறங்கிய பிறகு அவர் மூச்சு வாங்குவது கடனை அடைக்கத்தான். ஆனால் வாங்கியதைவிட அதிகம் அடைக்கிறார், கந்துவட்டி போல" என்றிருக்கிறான்.

இதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. "ஆக்சிஜன் கடன்" என்ற சொல்லை 1920-களில் கொடுத்தவர் ஏ.வி. ஹில். 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஓட்டோ மேயர்ஹாஃபுடன் பகிர்ந்துகொண்டவர். பிறர் ஓடுவதை மட்டும் பார்க்காமல், முதுகில் மூச்சைச் சேகரிக்கும் பையைக் கட்டிக்கொண்டு தானே ஓடி அளந்த மனிதர். பிற்காலத்தில் அந்தச் சொல்லைக் கைவிட்டு எப்பாக் (பயிற்சிக்குப் பின் கூடுதலாகச் செலவாகும் ஆக்சிஜன்) என்று பெயர் மாற்றியதற்குக் காரணமே அந்தக் கந்துவட்டிதான். உடல் சூடு, அட்ரினலின், வேகம் குறையாத இதயம் எல்லாமும் ஓட்டம் நின்ற பிறகும் கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கின்றன. ஹில்லின் பெயர் தெரியாமலேயே ஒரு மீன் வண்டிக்காரரின் மகன் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். எழுத்துத் தேர்வில் அவனுக்கு இதே கேள்வி வந்தது, ஆங்கிலத்தில் நான்கே வரியும் ஒரு வரைபடமும் போட்டு முழு மதிப்பெண் வாங்கினான். நான் சொல்லும் வழியும் அதுதான். முதலில் வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரிந்தால் வரைபடம் போடுங்கள். வரைபடத்தின் இரண்டு அச்சுகளுக்கும் ஆங்கிலப் பெயர் எழுதுங்கள். அதன் பிறகு வாக்கியம் தானாக வரும். சிறு வாக்கியமாகவே எழுதுங்கள், இலக்கணத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை.

வெப்பம் பற்றிய யூனிட்டில் நம் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் தோற்கவே கூடாது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியானால் என்பதுதான் முக்கியம். சொட்டிக் கீழே விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, நீர் இழப்பு மட்டுமே மிச்சம். மே மாதம் மாலை ஐந்து மணிக்கு முல்லை நகர் மைதானத்தில் ஆடியிருப்பீர்கள். கடற்காற்றின் ஈரத்தில் பனியன் பிழியப் பிழிய நனைந்தும் உடம்பு தணியாது. வெளிநாட்டுப் புத்தகம் நான்கு பக்கத்தில் விளக்குவது அந்தப் பனியன்தான். விளையாட்டில் வெப்ப அபாயத்தைக் கணிக்கும் டபிள்யூபிஜிடி என்ற அளவில், காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பமானிக்கு 0.7, வெயிலின் சூட்டைக் காட்டும் கருங்கோளத்துக்கு 0.2, நாம் செய்தியில் கேட்கும் சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 0.1 பங்கு. வேலூரின் 40 டிகிரியைவிட நம்முடைய 36 சில நாள் மோசமாக இருப்பதன் காரணம் இந்தப் பங்கீட்டிலேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அதே வேகத்தில் ஓடினாலும் நேரம் ஆக ஆக நாடி ஏறுவதையும் கவனியுங்கள். இரத்தத்தின் நீர் குறைந்து, தோலுக்கும் இரத்தம் பிரிந்து போவதால், ஒரு துடிப்பில் தள்ளும் அளவு குறைகிறது, இதயம் எண்ணிக்கையால் ஈடு கட்டுகிறது. மறுபடியும் அந்த 70 பெருக்கல் 70 கணக்குத்தான்.

ஹார்மோன் யூனிட்டுக்கு என்னிடம் தந்திரம் எதுவும் இல்லை. அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உயரமான இடங்கள் பற்றிய பகுதிக்கு 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். 2,240 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு. நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார், குறுந்தூர ஓட்டங்களில் சாதனைகள் விழுந்தன, நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மூச்சுக்குத் திணறினார்கள். ஏன் என்பதை மேலே சொன்ன குடமும் லாரியும் சொல்லிவிடும்.

டியூஷன் நடத்தும் நானே சொல்கிறேன், உங்களுக்கு அது தேவைப்படாது. நான்கு பேர் சேர்ந்து, ஒரு பலகை, ஒரு டேப், ஒரு எடை இயந்திரம், விநாடி காட்டும் கைபேசி இவற்றோடு வாரம் இரண்டு மாலை உட்காருங்கள். உங்கள் அணியையே சோதனை எலிகளாக வைத்துக்கொள்ளலாம். கோல்கீப்பரையும் நடுக்கள ஆட்டக்காரரையும் ஏற்றி இறக்கி இருவரின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்டர்னல் தேர்வுக்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் சிக்கிக்கொண்டால் தயங்காமல் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடை "முக்கிய வினாக்கள்" கட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் முட்டை வாங்கிச் சாப்பிடுங்கள்.

புத்தகம் வாங்க வேண்டியது அவசியம், ஆனால் புதியது வேண்டாம், விலை கையைக் கடிக்கும். சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மருத்துவ மாணவர்களும் பிசியோதெரபி மாணவர்களும் விற்றுவிட்டுப் போன பழைய பதிப்புகள் வரும். முதலில் சொல்லும் விலையில் பாதி கேளுங்கள், முக்கால் பங்குக்குத் தருவார்கள். இதயமும் நுரையீரலும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. மிகப் பழைய பதிப்பாக இருந்தால் லாக்டிக் அமிலம் வரும் பக்கத்தை மட்டும் வீட்டுக்கு வந்ததும் பென்சிலால் அடித்துவிடுங்கள்.